வரலாற்றுச் சிறப்புப் பட்டம் கையில் இருக்கிறது: அரச நியமனத்துக்குக் காத்திருப்பதா, வேறு வழி பார்ப்பதா?

பருத்தித்துறைப் பட்டதாரி:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் வரலாற்றைச் சிறப்புப் பாடமாகக் கற்று, இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் 2025 இல் வெளியேறியவள் நான். 2019 இல் உயர்தரம் எழுதிய எங்கள் அணி, கொரோனா முடக்கத்தால் பல்கலைக்கழக வாசலை மிதிக்கவே 2021 ஆகிவிட்டது. முதலாம் வருட விரிவுரைகளில் பெரும்பகுதியைக் கைபேசியிலேயே கேட்டோம். அடுத்த வருடம் எரிபொருள் இல்லாமல் பேருந்துகள் ஓடாதபோது மறுபடியும் கைபேசிக்கே திரும்பினோம். நான்கு வருடப் படிப்பை முடித்து வெளியே வரும்போது எனக்கு 25 வயது கடந்துவிட்டது.

வீட்டில் எல்லோரும் அரச நியமனத்தைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கலைப்பட்டதாரிகளுக்குக் கொஞ்சக் காலம் சென்றாலும் ஏதோவொரு நியமனக் கடிதம் வந்து சேரும் என்பது அம்மாவின் கணக்கு, அந்தக் கணக்கை முழுக்கப் பிழையென்று சொல்லவும் முடியவில்லை. 2020 இல் நாடு முழுவதும் சுமார் 50,000 பட்டதாரிகள் மாதம் 20,000 ரூபாய் கொடுப்பனவோடு பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டபோது, என் பெரியம்மாவின் மகளும் அவர்களுள் ஒருவராக இருந்தார். ஆனால் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த முடியாதென அரசு அறிவித்த பிறகு, அப்படியான பெருந்தொகை ஆட்சேர்ப்பு நின்றுபோயிற்று.

தனியார் துறையையும் முயன்று பார்த்தேன். வங்கிகள் பயிலுநர் பதவிக்கு உயர்தரம் முடித்த கையோடு வரும் 20, 22 வயதுப் பிள்ளைகளையே விரும்புகின்றன, அங்கே என் பட்டம் என்னை வயது கூடியவளாக மட்டுமே காட்டுகிறது. ஒரு லீசிங் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் நான் படித்ததைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சொந்தமாக ஸ்கூட்டர் இருக்கிறதா, மாதத்துக்கு எத்தனை வாடிக்கையாளரைக் கொண்டுவருவீர்கள் என்று மட்டும் கேட்டார்கள். அரச சார்பற்ற நிறுவனங்களில் தரவு சேகரிக்கும் வேலையாவது கிடைக்கும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியதும் அவர்களிலேயே சிலர் வேலை இழந்து நிற்கிறார்கள்.

இப்போது பின்னேரங்களில் சாதாரண தர மாணவர்களுக்கு வரலாறு படிப்பித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்து என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். அரச வேலை அறிவித்தல்கள் வரும் வர்த்தமானியைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பதா, முதுகலைமாணிக்குப் பதிவதா, பட்டப்பின் கல்வி டிப்ளோமா செய்வதா, அல்லது பலரும் சொல்வதுபோல மனிதவள முகாமைத்துவத்தில் ஒரு டிப்ளோமாவை எடுத்துக்கொண்டு துறையையே மாற்றுவதா? இந்தப் பாதைகளில் நடந்து பார்த்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னால் உதவியாக இருக்கும்.

கச்சேரியடியான்:

தங்கச்சி, நீங்கள் சொன்ன அந்த 2020 அணியில் நானும் ஒருவன், அதனால் உள்ளே இருந்துகொண்டே சொல்கிறேன். பயிற்சிக் காலம் முடிந்த பின்னர் எங்களை அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக நிரந்தரமாக்கினார்கள். நான் ஒரு பிரதேச செயலகத்தில் கடமையாற்றுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் எங்கள் கிளையில் கதிரைகளை விட உத்தியோகத்தர்கள் அதிகமாக இருந்தார்கள். காலையில் கையொப்பம் இட்ட பின் யார் வெளிக்களம் போவது, யார் மேசையில் இருப்பது என்பதை எங்களுக்குள்ளேயே பேசித் தீர்மானிப்போம். மூவர் ஒரு கணினியைப் பகிர்ந்தோம். 2023 இல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவுக்கான கணக்கெடுப்பு வந்தபோதுதான், வீடு வீடாகப் போய்த் தகவல் எடுப்பது, முறைப்பாடுகளைப் பதிவது என்று உண்மையான வேலை கிடைத்தது.

சம்பளத்தைப் பொறுத்தவரை இப்போது நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. 2025 வரவுசெலவுத் திட்டத்தில் அரச ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது, உயர்வைக் கட்டங்கட்டமாகத்தான் தருகிறார்கள். ஓய்வூதியத்தைப் பற்றி உங்கள் அம்மா நினைப்பது பழைய நிலைமை. 2016 இற்குப் பின் நியமனம் பெற்றவர்களின் கடிதங்களில் ஓய்வூதியம் குறித்த வாசகம் எங்கள் பெற்றோர் காலத்துக் கடிதங்களில் இருந்ததைப் போல உறுதியாக இல்லை. கடிதம் வந்தால் முதலில் அந்தப் பந்தியைத்தான் வாசிக்க வேண்டும்.

எங்களோடு சேர்ந்தவர்களில் பாடசாலைகளுக்கு இணைக்கப்பட்டவர்கள் வகுப்பறையில் நின்று படிப்பிக்கிறார்கள், ஆனால் ஆசிரியர் சேவையில் இல்லை. தங்களை ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்குமாறு கேட்டு இன்றுவரை வீதியில் நிற்கிறார்கள். ஆகவே மொத்தமாக எடுக்கப்படும் நியமனம் என்பது ஒருவருடைய படிப்பைப் பார்த்துத் தரப்படும் வேலை அல்ல. தேர்தலும் ஆர்ப்பாட்டமும் நெருக்கும்போது ஒரு பெருங்கூட்டத்தை எங்காவது அமர்த்திவிடும் ஏற்பாடு அது. 2017 இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் இரவு பகலாகப் பந்தல் போட்டு இருந்ததை நீங்கள் பாடசாலை மாணவியாகப் பார்த்திருப்பீர்கள். அந்தப் போராட்டம் நியாயமானதுதான், நானும் அங்கே போயிருக்கிறேன். என்றாலும் சர்வதேச நாணய நிதியத்தின் 300 கோடி டொலர் ஒப்பந்தத்தில் 2023 முதல் கட்டுண்டு கிடக்கும் ஓர் அரசு, இனி 50,000 பேரை ஒரே தடவையில் எடுக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

ஆட்சேர்ப்பே இல்லை என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. 2025 இல் அத்தியாவசிய வெற்றிடங்களுக்கு 30,000 பேரைச் சேர்க்க நிதி ஒதுக்கினார்கள். அவ்வாறான வெற்றிடங்களுக்குப் பட்டம் மட்டும் போதாது, போட்டிப் பரீட்சை எழுத வேண்டியிருக்கும். இலங்கை நிர்வாக சேவை, திட்டமிடல் சேவை, வெளிநாட்டுச் சேவை ஆகியவற்றின் திறந்த போட்டிப் பரீட்சைகளுக்கு நுண்ணறிவும் பொது அறிவும் கட்டுரை எழுதும் திறனும் வேண்டும். வரலாறு படித்தவருக்குக் கட்டுரையும் பொது அறிவும் கைகொடுக்கும், நுண்ணறிவை உட்கார்ந்து பயில வேண்டும். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பெரும்பாலும் ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்கள்தான் செய்கிறார்கள். அதை முடித்தால் நியமனம் தருவோம் என்று யாரும் எழுதித் தரவில்லை.

ஆளணிப் பிரிவு:

நான் யாழ்ப்பாணத்தவன், கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தின் ஆளணிப் பிரிவில் வேலை செய்கிறேன். வடக்கிலிருந்து வரும் கலைப்பட்டதாரிகளின் விண்ணப்பங்கள் என் மேசைக்கும் வருகின்றன. அவற்றைப் பார்த்தவன் என்ற முறையில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பத்தில் எட்டுச் சுயவிபரக்கோவைகள் ஒரே அச்சில் வார்த்தவை. முதல் பக்கத்தில் முழுப்பெயர், முதலெழுத்துக்களுடன் பெயர், அடையாள அட்டை இலக்கம், தந்தையின் தொழில், சமயம், கிராம சேவையாளர் பிரிவு. அடுத்து சாதாரண தரப் பெறுபேறுகள் ஒன்பது வரிகளில். அதன் கீழே உயர்தரம். இரண்டாம் பக்கத்தின் நடுவில்தான் பட்டம் வருகிறது. நான்கு வருட உழைப்புக்கு இரண்டு வரிகள். ஆய்வேட்டுக்கு ஒரு வரி, அதுவும் தலைப்பு மட்டும். இறுதியில் "எம்.எஸ். வேர்ட் தெரியும், குழுவாக வேலை செய்வேன்" என்ற இரண்டு வசனங்கள். இந்த வடிவம் அரச விண்ணப்பப் படிவத்திலிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும், ஆனால் தனியார் நிறுவனத்தில் அதைத் திறப்பவர் உங்களை ஒரு நிமிடத்துக்குள் எடைபோட்டுவிடுகிறார். உங்கள் சமயம் அவருக்குத் தேவையில்லை.

வரலாற்றுச் சிறப்புப் பட்டதாரி ஒருவர் ஆய்வேட்டுக்காக என்ன செய்கிறார்? ஆவணங்களைத் தேடிப் பிடிக்கிறார், முதியவர்களைச் சந்தித்து ஒலிப்பதிவு செய்கிறார், ஒன்றுக்கொன்று முரண்படும் தகவல்களை ஒப்பிட்டு எதை நம்பலாம் என்று தீர்மானிக்கிறார், கடைசியில் நூறு பக்கத்துக்குக் கோர்வையாக எழுதுகிறார். காப்புறுதி நிறுவனமொன்றின் இழப்பீட்டுப் பிரிவிலும், சந்தை ஆய்வு நிறுவனத்திலும், வங்கியின் ஆவணச் சரிபார்ப்புப் பிரிவிலும் இதே வேலைதான் நடக்கிறது. அதை நீங்கள் எழுதிக் காட்டாவிட்டால் நாங்கள் ஊகிக்க மாட்டோம், ஊகிக்க நேரமும் இல்லை.

இரண்டாவது விடயம் மொழி. ஆங்கிலத்தில் இலக்கணப் பிழையில்லாத ஒரு மின்னஞ்சலை எழுதத் தெரிந்தாலே நீங்கள் முன்வரிசைக்கு வந்துவிடுவீர்கள். சிங்களத்தில் தொலைபேசியில் கதைக்க முடிந்தால் அதற்கும் முன்னால். மனிதவள டிப்ளோமாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தச் சான்றிதழ் இப்போது தெருவுக்கு ஒருவரிடம் இருக்கிறது. ஒன்றரை இலட்சம் ரூபாயைச் செலவழித்து அதை எடுப்பதை விட, அதில் ஒரு பகுதியை ஆங்கிலத்துக்கும் எக்செல் பழக்கத்துக்கும் செலவிடுவது மேல் என்பது என் கருத்து. முதுகலைமாணியை வேலை கிடைத்த பிறகு வார இறுதியில் செய்யலாம். வேலையில்லாத காலத்தை மறைப்பதற்காக முதுகலை படிப்பவர்களை நேர்முகத் தேர்வில் எங்களால் இனங்காண முடிகிறது.

லீசிங் நிறுவனத்தில் உங்களிடம் கேட்ட கேள்விகளைப் பார்த்துத் தனியார் துறையையே வெறுத்துவிட வேண்டாம். அது விற்பனை வேலை, அதற்கு அவர்கள் கேட்டது சரிதான். நீங்கள் விண்ணப்பித்த இடம்தான் பொருந்தவில்லை.

முல்லைத்தீவு ஆசிரியர்:

மேலே எழுதிய தம்பியின் ஆலோசனைகள் பயனுள்ளவை, ஆனால் அவற்றை மட்டும் வாசிப்பவருக்கு எல்லாக் குறையும் விண்ணப்பதாரியிடம்தான் என்று தோன்றும். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் வன்னியில் கற்பிக்கும் பாடசாலை 1சி வகையைச் சேர்ந்தது. அதாவது உயர்தரத்தில் கலையும் வர்த்தகமும் மட்டுமே உண்டு. கணிதமோ விஞ்ஞானமோ படிக்க வேண்டுமானால் 1ஏபி பாடசாலைக்குப் போக வேண்டும், அது இங்கிருந்து பேருந்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு ஏ எடுத்த பிள்ளையும் அந்தத் தூரத்துக்காகவும் பேருந்துக் காசுக்காகவும் கலைப்பிரிவில் வந்து உட்காருகிறது, பெண்பிள்ளையென்றால் இன்னும் சொல்லத் தேவையில்லை. பிறகு இசட் புள்ளியில் போராடிப் பல்கலைக்கழகம் போய், நான்கு வருடம் கழித்து வெளியே வரும்போது, "ஏன் வேலைக்கு உதவாத பாடத்தைத் தெரிவு செய்தாய்?" என்று அதே பிள்ளையிடம் கேட்கிறோம். இங்கே தெரிவு என்று ஒன்று இருக்கவில்லை.

இது நேற்று முளைத்த பிரச்சினையும் அல்ல. 1971 இல் தெற்கில் இளைஞர் கிளர்ச்சி வெடித்த அதே ஆண்டில், டட்லி சியர்ஸ் தலைமையில் இலங்கைக்கு வந்த சர்வதேசத் தொழில் அமைப்பின் குழு, படித்தவர்களின் எதிர்பார்ப்புக்கும் நாட்டில் உள்ள வேலைகளுக்கும் இடையிலான இடைவெளியைத்தான் தன் அறிக்கையின் மையமாக வைத்தது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இடையில் வந்த ஒவ்வொரு அரசும் அந்த இடைவெளியை அரச நியமனங்களால் நிரப்பியது. பாதுகாப்புப் படைகளையும் சேர்த்தால் அரச ஊழியர் தொகை இன்று 13 இலட்சத்துக்கு மேல். கடன் கொடுத்தவர்கள் நெருக்கத் தொடங்கியதும் அந்த வழி அடைபட்டது. மாற்று வழியை முன்கூட்டியே திறந்து வைக்க யாரும் நினைக்கவில்லை.

பல்கலைக்கழகங்களும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. விரிவுரையாளர் சொல்லச் சொல்ல எழுதி, பழைய வினாத்தாள்களைப் பார்த்து மனனம் செய்து, மூன்று மணித்தியாலத்தில் கக்கிவிட்டு வரும் முறை இன்றும் பல துறைகளில் நடக்கிறது. 2017 இல் உலக வங்கியின் 10 கோடி டொலர் நிதியோடு தொடங்கிய உயர்கல்வித் திட்டத்தின் நோக்கங்களுள் கலைப்பீட மாணவரின் ஆங்கிலத்தையும் தொழில்தகைமையையும் உயர்த்துவதும் ஒன்று. கணினி அறைகளும் ஆங்கிலச் செயலமர்வுகளும் அதன் பேரில் வந்தன. வரலாற்று மாணவி ஒருத்தி மூன்றாம் வருடத்தில் ஓர் அலுவலகத்தில் மூன்று மாதமாவது உள்ளகப் பயிற்சி பெற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்திருந்தால், மேலே சொன்ன சுயவிபரக்கோவையின் இரண்டாம் பக்கம் வேறு விதமாக இருந்திருக்கும்.

தங்கைக்கு ஒரு தகவல் மட்டும். மாகாண ஆசிரியர் நியமனத்துக்கான அறிவித்தல் வந்தால், கஷ்டப் பிரதேசப் பாடசாலைகளுக்கு வரத் தயார் என்பதை மனதில் தீர்மானித்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். யாழ்ப்பாண நகரப் பாடசாலைகளில் வரலாற்றுக்கு ஆசிரியர் மிகையாக இருக்கும்போது, எங்கள் பக்கத்தில் வரலாற்றை வேறு பாட ஆசிரியர்கள் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆளணிப் பிரிவு:

ஐயா, 1சி பாடசாலை பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு ஒரு சொல்லும் மறுப்பு இல்லை. நானும் அப்படியொரு பாடசாலையில் இருந்துதான் வந்தேன். ஆனால் கல்விக் கொள்கை மாறும்வரை இந்தத் தங்கச்சியால் காத்திருக்க முடியாது. அவருக்கு அடுத்த மாதம் அனுப்ப ஒரு விண்ணப்பம் தேவை, நான் அதைப் பற்றி மட்டும் எழுதினேன்.

பருத்தித்துறைப் பட்டதாரி:

அனைவருக்கும் நன்றி. ஆளணிப் பிரிவு அண்ணா வர்ணித்த சுயவிபரக்கோவை வரிக்கு வரி என்னுடையதேதான், தந்தையின் தொழில் உட்பட.

என் ஆய்வேடு வடமராட்சியின் பாய்க்கப்பல் வணிகம் பற்றியது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு 1938 இல் அமெரிக்காவைச் சென்றடைந்த அன்னபூரணி கப்பலைப் பலரும் அறிவார்கள். நான் அதைவிடச் சிறிய, பர்மாவிலிருந்தும் இந்தியக் கரையிலிருந்தும் நெல்லும் கூரை ஓடும் ஏற்றிவந்த வத்தைகளின் உரிமையாளர் குடும்பங்களைத் தேடிப் போனேன். பழைய காணி உறுதிகள், கணக்குக் கொப்பிகள், கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் சில கோப்புகள், முதியவர்களின் நேர்காணல்கள் ஆகியவையே மூலங்கள். இதெல்லாம் ஓர் அலுவலகத்துக்குப் பயன்படும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

சிங்களம் காதால் ஓரளவு விளங்கும், எழுத்துக் கூட்டி வாசிப்பேன், எழுத வராது. ஆங்கிலம் வாசிக்க வரும், கதைக்கக் கூச்சம். மொழிபெயர்ப்புத் துறையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால், என்னைப் போன்ற ஒருத்திக்கு அதில் இடமுண்டா என்று சொல்லுங்கள். தனியே கொழும்பில் போய்த் தங்குவதற்கு வீட்டில் இப்போதைக்குச் சம்மதிக்க மாட்டார்கள், கலியாணப் பேச்சும் நடக்கிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு செய்யக்கூடியதாக இருந்தால் நல்லது.

வவுனியா மொழிபெயர்ப்பாளர்:

தங்கச்சி, இடமுண்டு, ஆனால் படிப்படியாக ஏற வேண்டிய இடம்.

1987 இல் அரசியலமைப்புக்குக் கொண்டுவந்த 13 ஆம் திருத்தத்தோடு தமிழும் அரச கரும மொழியாயிற்று. சட்டப்படி ஒவ்வொரு திணைக்களமும் தமிழில் கடிதம் எழுத வேண்டும், சுற்றறிக்கை வெளியிட வேண்டும். நடைமுறையில் சிங்களத்திலிருந்து தமிழுக்கு ஒழுங்காகப் பெயர்க்கக்கூடியவர்கள் போதாததால், பேருந்துப் பலகையிலிருந்து வைத்தியசாலை அறிவித்தல் வரை பிழை மலிந்து கிடக்கிறது. அரச மொழிபெயர்ப்பாளர் பதவிகளுக்கு அவ்வப்போது விண்ணப்பம் கோருவார்கள். அதற்கு இரண்டு மொழியிலும் எழுதும் திறன் கட்டாயம். ஆகவே அது உங்களுக்கு இன்றைய வேலை அல்ல, இரண்டு வருடத்துக்குப் பின்னரான வேலை.

இன்றைக்குச் செய்யக்கூடியது வேறு. 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போவோர் தொகை பெருகியதால், சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர்களின் அலுவலகங்களில் வேலை குவிந்திருக்கிறது. பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பொலிஸ் அறிக்கைகள், காணி உறுதிகள் எல்லாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். சத்தியப் பிரமாணம் பெறுவதற்குத் தனி நிபந்தனைகள் இருக்கின்றன, ஆனால் அப்படிப்பட்ட ஒருவரிடம் உதவியாளராகச் சேர எந்த நிபந்தனையும் இல்லை. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். சான்றிதழ்களுக்கு மாதிரி வடிவம் இருக்கும், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். கவனமெல்லாம் பெயரின் எழுத்துக்கூட்டலில் இருக்க வேண்டும்: பிறப்புச் சான்றிதழில் உள்ள தகப்பனார் பெயர் கடவுச்சீட்டில் வேறுவிதமாக இருந்தால் எதைப் பின்பற்றுவது, எங்கே குறிப்பு எழுதுவது என்பதில் தவறினால் ஒருவரின் விசாவே நின்றுவிடும்.

உறுதிகளில்தான் உங்கள் படிப்புக்கு உண்மையான மதிப்பு. ஐம்பது அறுபது வருடத்துக்கு முந்தைய யாழ்ப்பாண உறுதியொன்றைக் கொடுத்தால், இப்போதைய பிள்ளைகள் பலர் பரப்பு, லாச்சம், குழி என்று வரும் அளவையிலேயே தடுமாறிவிடுகிறார்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி சீதனமாக வந்த காணியா, முதுசமாக, அதாவது பரம்பரைச் சொத்தாக, வந்ததா என்பதை உறுதியின் வாசகத்திலிருந்து புரிந்துகொள்ளாமல் பெயர்த்தால் பொருளே மாறிவிடும். நீங்களோ கப்பல்காரர் வீட்டு உறுதிகளை வாசித்துப் பழகியவர். இதே காரணத்துக்காக, உறுதி எழுதும் நொத்தாரிசு அலுவலகங்களிலும் கேட்டுப் பாருங்கள். உறுதி தேடவும் தோம்பு எனும் காணிப் பதிவேட்டைப் பார்க்கவும் ஆள் தேவைப்படுகிறது, பெரும்பாலும் விளம்பரம் போடாமல் தெரிந்தவர் வழியாகவே எடுக்கிறார்கள்.

சம்பளம் ஆரம்பத்தில் சொல்லும்படி இராது, பக்கத்துக்கு இவ்வளவு என்று தருவார்கள். உங்கள் பின்னேர வகுப்பைக் கைவிடாமல் பகலில் இதைச் செய்யலாம். சிங்களத்தை இப்போதே எழுத்திலிருந்து தொடங்குங்கள், அரச கரும மொழிகள் திணைக்களம் நடத்தும் தேர்ச்சிப் பரீட்சையை இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் எந்த அரச பதவிக்குப் போனாலும் இரண்டாம் மொழித் தேர்ச்சியை எப்படியும் கேட்பார்கள், ஆகையால் அது வீணாகாது.

கரையோரவாசி:

மொழிபெயர்ப்பைச் சொல்லிவிட்டார்கள், நான் ஒன்றைச் சேர்க்கிறேன். சென்னையிலிருந்து பலாலிக்கு 2022 டிசம்பரில் விமானம் மறுபடி ஓடத் தொடங்கியது, நாகபட்டினம் காங்கேசன்துறைக் கப்பலும் 2024 ஓகஸ்டிலிருந்து ஓடுகிறது. வருகிறவர்களில் பலர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு திரியும் வாகனச் சாரதிகள் நல்லூருக்கும் நயினாதீவுக்கும் மேல் ஒன்றும் சொல்வதில்லை. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நின்று கப்பல் கதையைச் சொல்ல உங்களைப் போன்ற ஒருவர் இருந்தால் விருந்தினர் விடுதிக்காரர்களே கூப்பிடுவார்கள். முறைப்படி வழிகாட்டியாக வேண்டுமானால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். வருமானம் பருவத்தைப் பொறுத்தது, மாரியில் கடல் கொந்தளித்தால் கப்பலும் நின்றுவிடும், எனவே இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

கச்சேரியடியான்:

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும். அதையும் மாகாண சபையின் இணையத்தளத்தையும் வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். முகநூலில் "பட்டதாரிகளுக்கு மகிழ்ச்சியான செய்தி" என்று வருவதையெல்லாம் நம்பி, படிவம் நிரப்பித் தருவதாகச் சொல்பவர்களுக்குக் காசு கொடுத்துவிடாதீர்கள். எங்கள் அலுவலகத்துக்கே அப்படி ஏமாந்தவர்கள் வந்து விசாரிக்கிறார்கள். அம்மாவுக்கு, விண்ணப்பிப்பதை நிறுத்தவில்லை என்று சொல்லுங்கள். அது பொய்யும் அல்ல.

பருத்தித்துறைப் பட்டதாரி:

வவுனியா அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் அப்பாவுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், வருகிற கிழமை போய்க் கதைக்கப் போகிறேன். ஆளணிப் பிரிவு அண்ணா, ஆய்வேடு பற்றிய பகுதியை இப்படி மாற்றியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள்:

"வடமராட்சியின் பாய்க்கப்பல் வணிகம் குறித்த ஆய்வு. தனியார் வசமிருந்த காணி உறுதிகளையும் கணக்குக் கொப்பிகளையும் வாசித்து அட்டவணைப்படுத்தினேன். கப்பல் உரிமையாளர் குடும்பங்களில் நேர்காணல் நடத்தி எழுத்தில் பதிவு செய்தேன். வாய்மொழித் தகவல்களைத் தேசிய சுவடிகள் திணைக்களக் கோப்புகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்."

ஆளணிப் பிரிவு:

நன்றாக இருக்கிறது. எத்தனை உறுதிகள், எத்தனை குடும்பங்கள் என்ற எண்ணிக்கையைச் சேருங்கள், எண்ணைக் கண்டால்தான் வாசிப்பவரின் கண் நிற்கும். நேர்காணல்களை எக்செல்லில் ஒழுங்குபடுத்தியிருந்தால் அதையும் எழுதுங்கள். ஒழுங்குபடுத்தவில்லையென்றால் அந்தத் தரவை வைத்தே இந்தக் கிழமை எக்செல் பழகுங்கள். இந்தப் பகுதியை முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்து, சாதாரண தரப் பெறுபேறுகளை ஒரே வரியாக்கிக் கீழே போடுங்கள். ஆங்கில வடிவத்தை முடித்ததும் இங்கேயே இடுங்கள், அடையாள அட்டை இலக்கத்தையும் தொலைபேசி எண்ணையும் அழித்துவிட்டு.